கிணற்றுப் பங்கு

காங்கேசன்துறையில் பெரியம்மாவின் வளவு இராணுவத்திடமிருந்து விடுபட்டபோது அதில் மிஞ்சியிருந்தவை இரண்டு பனை, அரை மதில், ஒரு கிணறு. 1990 ஜூனில் கதவைச் சாத்திவிட்டு வந்த காணி. வேலிக் கதியால்கள் மரமாகி, மரங்கள் காடாகி, காடும் பிறகு யாரோ ஓட்டிய புல்டோசரோடு போய்விட்டது. எது எங்கள் நிலம், எது அடுத்தவர் நிலம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல ஒரு வழியும் இல்லை. நல்ல காலம், உறுதி கையில் இருந்தது. நில அளவையாளர் வந்து முக்காலியில் கருவியை நிறுத்தி அரை நாள் அளந்தார். கடைசி முளையை அடித்தபோது கிணறு பக்கத்து வளவுக்குள் நின்றது.

"அப்ப கிணறு எங்கட இல்லையோ தம்பி?"

"கிணறு அவையின்ர வளவுக்கதான் அம்மா நிக்குது. ஆனா உறுதியில உங்களுக்கு நாலில ஒரு பங்கு எழுதிக் கிடக்கு. வழி வாய்க்காலும் இருக்கு."

பெரியம்மாவுக்கு அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது. கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து அந்தக் கிணற்றில் அள்ளியவர். இடையில் வேலி இல்லாததால் அது தங்கள் வளவுக்குள்தான் என்று நினைத்தே அள்ளியிருக்கிறார். எப்போதோ ஒரு நொத்தாரிசு அந்தப் பங்கை எழுதாமல் விட்டிருந்தால் அன்றைக்கு எங்கள் பக்கம் சொல்வதற்கு ஒன்றுமே இருந்திராது.

பிறகொரு நாள், மென்பொருள் உலகில் நடந்த ஒரு பெரிய மறுசீரமைப்பைப் படித்தபோது எனக்கு இந்தக் கிணறுதான் நினைவுக்கு வந்தது. அங்கேயும் வழக்கு இதுவே.

1997 பெப்ரவரி 5ஆம் திகதி, இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 'மேம்' என்ற மென்பொருளின் முதல் பதிப்பை வெளியிட்டார். 'மல்டிப்பிள் ஆர்கேட் மெஷின் எமுலேட்டர்' என்பதன் சுருக்கம் அது. காசு போட்டு விளையாடும் ஆளுயரப் பெட்டிகள் உலகெங்கும் கடைத்தெருக்களில் நின்ற காலம் ஒன்று உண்டு. அந்தப் பெட்டிகளுக்குள் இருந்த மின்பலகைகளை இன்றைய கணினிக்குள் மென்பொருளாகவே திரும்பக் கட்டுவதுதான் மேமின் வேலை. பழைய விளையாட்டின் நிரல், தான் தனக்குரிய பலகையில்தான் ஓடுகிறேன் என்று நம்ப வேண்டும். அப்படி நம்பவைப்பதற்குப் பெயர் எமுலேட்டர். குடாநாட்டில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்து வளர்ந்த என் தலைமுறைக்கு அந்தப் பெட்டிகள் படத்தில் மட்டும்தான் தெரியும். ஆனால் மேமைச் செய்தவர்கள் விளையாட்டைவிட ஆவணப்படுத்தலையே முதல் நோக்கமாகச் சொல்கிறார்கள். பலகைகள் துருப்பிடிக்கும், சில்லுகளில் எழுதியது காலப்போக்கில் அழியும். அதற்குள் அவை எப்படி வேலை செய்தன என்று எழுதி வைத்துவிட வேண்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு பலகையை எடுத்துப் பார்ப்போம். ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1980இல் வெளியிட்ட பாக்-மேன். அதன் மூளை இசட்80 என்ற சில்லு. நொடிக்கு 30 இலட்சத்து 72 ஆயிரம் துடிப்பு. அந்தச் சில்லுக்கு 16 முகவரிக் கம்பிகள். ஆகவே அது 65,536 இடங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியும். பாக்-மேன் பலகையில் அந்த இடங்கள் காணி பிரித்ததுபோல் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பூச்சியத்திலிருந்து 16,383 வரை நிரல். வாசிக்கலாம், எழுத முடியாது. 16,384 முதல் 1,024 இடங்கள் திரையில் எந்தக் கட்டத்தில் எந்தப் படம் என்பதற்கு. அதை ஒட்டியே அடுத்த 1,024 இடங்கள் அந்தக் கட்டங்களின் நிறத்துக்கு. பிறகு ஒரு வெறுங்காணி. அங்கே சில்லு எதுவும் இல்லை. ஆனாலும் வாசித்தால் 191 என்ற எண் வருகிறது, கம்பிகளில் தங்கி நிற்கும் மின்னழுத்தத்தின் கோலம் அது. அதற்கப்பால் நிரலின் வேலைக்கென்று 1,024 இடங்கள்.

20,480 என்ற முகவரிதான் எனக்குப் பிடித்தது. அதை வாசித்தால் விளையாடுபவர் எந்தப் பக்கம் பிடியைத் தள்ளியிருக்கிறார் என்று தெரியும். அதே முகவரியில் எழுதினால் பிடிக்கு ஒன்றும் ஆகாது. திரை ஒவ்வொரு முறை வரைந்து முடியும்போதும் மூளையைத் தட்டி எழுப்பும் குறுக்கீடு இயங்கவோ நிற்கவோ செய்யும். ஒரு படலை, உள்ளே போகிறவருக்கு ஒரு வீடு, வெளியே வருகிறவருக்கு வேறொரு வீடு. 20,672இல் ஒரு காவல் நாய் இருக்கிறது. 16 தடவை திரை வரைவதற்குள் அங்கே எதையாவது எழுதாவிட்டால், நிரல் எங்கோ சிக்கிவிட்டது என்று எண்ணி அது இயந்திரத்தையே முதலிலிருந்து தொடங்க வைத்துவிடும். இதற்கெல்லாம் மேலே, முகவரியின் உச்சிக் கம்பியைப் பலகையில் யாரும் கேட்பதில்லை. அதனால் எந்த முகவரியோடும் 32,768ஐக் கூட்டினால் மறுபடி அதே இடத்துக்குத்தான் வந்து சேருவோம். ஒரே வளவுக்கு இரண்டு முகவரி.

மேமுக்குள் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு டிரைவர் கோப்பு உண்டு. அதன் நடுநாயகம் நான் இப்போது சொன்னதுபோன்ற ஒரு பட்டியல்: இங்கிருந்து இங்கு வரை இது. அதை முகவரி வரைபடம் என்கிறார்கள். நம்முடைய உறுதியில் வரும் நான்கெல்லை விபரம்தான் அது. பல்லாயிரம் இயந்திரங்கள், அவற்றுக்கெல்லாம் உறுதிகள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வெவ்வேறு நாட்டவர் தங்கள் ஓய்வு நேரத்தில் எழுதியவை.

இனி வேகம். பாக்-மேனின் மூளை ஒரு நொடியில் ஏழு எட்டு இலட்சம் தடவை நினைவகத்தைத் தொடும். ஒவ்வொரு தடவையும் எமுலேட்டர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று: இந்த முகவரி யாருடையது? பட்டியலை மேலிருந்து கீழே வாசித்துத் தேடினால் விளையாட்டு நத்தையாகிவிடும். 65,536 முகவரிக்கும் ஒவ்வொரு விடையை முன்கூட்டியே எழுதி ஓர் அட்டவணையில் வைத்துக்கொள்ளலாம். பாக்-மேனுக்கு அது தாராளம். ஆனால் பின்னர் வந்த பலகைகளில் 32 முகவரிக் கம்பிகள். அதாவது 429 கோடிக்கு மேற்பட்ட முகவரிகள். முகவரிக்கு ஒரு பைட் என்றாலும் நான்கு கிகாபைட் அட்டவணை. அக்காலக் கணினி ஒன்றின் மொத்த நினைவகத்துக்கு அது எத்தனையோ மடங்கு.

கொழும்பில் கடிதம் பிரிப்பவர் என்ன செய்கிறார்? 'காங்கேசன்துறை' என்பதைப் பார்த்ததும் வடக்குப் பையில் போடுகிறார். வீட்டு இலக்கம் அவருக்குத் தேவையில்லை; அதை உள்ளூர் அஞ்சல்காரர் பார்த்துக்கொள்வார். மேமின் பழைய ஏற்பாடும் அதுதான். ஆரன் ஜைல்ஸ் கைவண்ணத்தில் உருவான அந்த முறையில், முகவரியின் மேல் 18 கம்பிகளை வைத்து முதல் அட்டவணையைப் பார்ப்பது. அதில் 262,144 கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு பைட். ஒரு பைட்டில் 256 எண்கள் அடங்கும். அவற்றில் 64ஐ ஒதுக்கி வைத்திருந்தார்கள்: அந்த எண்களில் ஒன்று வந்தால், விடை இங்கே இல்லை, கீழ் அட்டவணையில் போய் மிச்சம் 14 கம்பிகளைக் காட்டு என்று பொருள். பெரும்பாலான கேள்விகளுக்கு முதல் அட்டவணையிலேயே விடை. பழைய கணினிகளுக்கு ஏற்ற சிக்கனமான வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. இயந்திரங்கள் வளர வளர 256 என்ற எண் இறுக்கத் தொடங்கியது என்பதைத் தவிர.

சிக்கல் அட்டவணையில் இல்லை, அதற்கு அடியில். காங்கேசன்துறை மண்ணைத் தோண்டினால் சுண்ணக்கல். 1950இல் சீமெந்துத் தொழிற்சாலை அங்கே வந்ததும் அந்தக் கல்லுக்காகத்தான். அந்தக் கல்லின் பொந்துகள் வழியே தண்ணீர் வேலி மதில் பார்க்காமல் ஓடும். எமுலேட்டரிலும் இப்படி இரண்டு தளங்கள் உண்டு. மேலே இருப்பது முகவரி, அது வேலி. கீழே, உங்கள் உண்மையான கணினியில், அந்த முகவரிகளுக்கு எழுதியதைச் சேமித்து வைக்கும் இடம், அது தண்ணீர். எந்த வேலிக்குக் கீழே எந்தத் தண்ணீர் என்பதை யார் தீர்மானிப்பது?

பழைய மேமில் பெரும்பாலும் மேமே தீர்மானித்தது. டிரைவர் எழுதுகிறவர் 'இங்கிருந்து இங்கு வரை ராம்', அதாவது எழுதவும் வாசிக்கவும் கூடிய நினைவகம், என்று ஒரு வரி போட்டால் போதும். உள்ளே இருந்த நிரல், வரைபடம் முழுவதையும் பார்த்து, இடம் கேட்டு நிற்கும் துண்டுகளை ஒன்றுசேர்த்து, குறைந்தது 65,536 பைட் அளவுள்ள கட்டிகளாக எடுத்துக் கொடுத்துவிடும். இரண்டு துண்டுகள் ஒட்டி இருந்தால் கீழேயும் ஒட்டியே இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் இரண்டுக்கும் ஒரே தண்ணீர். கேட்காமலே செய்யும் உபகாரம். இப்படிப்பட்ட உபகாரங்கள்மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. யார் எதை நம்பி இருக்கிறார்கள் என்பது உபகாரம் நின்ற பிறகுதான் தெரியவரும்.

எப்படி நம்பினார்கள் என்று பாருங்கள். திரைப் படத்துக்கு 1,024 இடம், அடுத்து நிறத்துக்கு 1,024 இடம் என்று ஒரு பலகை. திரையை வரையும் நிரலை எழுதுகிறவர் முதல் துண்டின் தொடக்கத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, நிறம் வேண்டுமானால் அங்கிருந்து 1,024 தள்ளி எட்டிப் பார்த்துவிடலாம். அது அவருடைய துண்டுக்கு வெளியே. முறைப்படி அங்கே என்ன இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கீழே இரண்டும் ஒரே கட்டியில் ஒட்டிக் கிடப்பதால் சரியான நிறமே வரும். பிழை என்று யாருக்கும் தெரியாது. (பாக்-மேன் டிரைவர் இப்படிச் செய்யவில்லை. அது இரண்டு துண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது. பாவம், உவமைக்காகத்தான் அதை இழுத்தேன்.)

இன்னொரு வகை, வாசிப்பதற்கு ஒரு வரி, எழுதுவதற்கு ஒரு வரி என்று பிரித்து எழுதுவது. 'இந்த முகவரிகளில் எழுதலாம்' என்று ஓரிடத்திலும், 'இந்த முகவரிகளை வாசிக்கலாம்' என்று வேறோரிடத்திலும். இரண்டும் ஒரே நினைவகம் என்று எங்கும் சொல்லவில்லை. முகவரி ஒன்றாக இருப்பதால் பழைய முறை தானாகவே இரண்டையும் ஒன்றாக்கிவிடும். எழுதியவர் ஒன்றாக்கவேண்டும் என்று நினைத்தாரா, அல்லது யோசிக்கவே இல்லையா? 20,480ஆம் முகவரியை நினைத்துப் பாருங்கள். அங்கே வாசிப்பும் எழுத்தும் ஒரே முகவரியில் இருந்தும் இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முகவரி ஒன்றென்றால் பொருளும் ஒன்று என்பது பலகைகளின் உலகத்தில் ஒருபோதும் உத்தரவாதமாக இருந்ததில்லை.

பிரெஞ்சுக்காரரான ஒலிவியே கலிபேர் மேமின் இந்த அடித்தளத்தில் கை வைத்தவர். 2018இல் அவர் முதலில் மேல்தளத்தை மாற்றினார். எண்கள் நிறைந்த பழைய அட்டவணைக்குப் பதிலாக, ஒவ்வொரு துண்டுக்கும் அதைக் கையாளும் ஒரு சிறு பொருள்; அந்தப் பொருள்கள் ஒரு மரத்தின் கிளைகளில். முகவரி வந்தால் மேல் கம்பிகள் கிளையைக் காட்டும். கிளை தானே விடை சொல்லும், அல்லது அடுத்த கிளைக்கு அனுப்பும். எண்களுக்கென்று இருந்த உச்சவரம்பும் போய்விட்டது. ஒவ்வொரு பொருளும் தன்னை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணி வைத்திருக்கும்; கடைசி ஆள் கையை விட்டதும் அது அழிந்து இடம் விடுபடும்.

2020 இறுதியில் அவர் கீழ்த்தளத்துக்கு இறங்கினார். கட்டி சேர்க்கும் உபகாரத்தை நிறுத்தினார். ஒட்டியிருக்கும் துண்டுகள் இனிக் கீழே ஒட்டா. உன் வேலிக்கு வெளியே எட்டிப் பார்த்தால் அது உன் பாடு. மேல் விழும் துண்டுகள் இனி ஒன்றாகா. ஒன்றாக வேண்டுமானால் இரண்டு வரியிலும் ஒரே பங்குப் பெயரை எழுத வேண்டும். பங்கு என்ற ஏற்பாடு மேமில் புதிதல்ல. 1981இல் வந்த கலாகாவில் மூன்று இசட்80 மூளைகள். ஒன்று எழுதியதை மற்றது வாசித்துத்தான் விளையாட்டே நடக்கிறது. அங்கே மூவருக்கும் பொதுக் கிணறு என்று ஆரம்பத்திலிருந்தே எழுதித்தான் வைத்திருந்தார்கள். ஒரே மூளைக்குள் இரண்டு துண்டுகளுக்குத்தான் எழுதாமலே ஓடிக்கொண்டிருந்தது.

கூடவே வேறு சில கதவுகளையும் சாத்தினார். விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு துண்டை ராம் ஆக்கிக்கொள்ள விரும்பும் டிரைவர், முன்பு வெறுங்கையோடு வரலாம். இடத்தை மேம் தேடிக் கொடுக்கும். இனி இடத்தை அவரே கொண்டுவர வேண்டும். தானாக இடம் வேண்டுமென்றால் முதலிலேயே வரைபடத்தில் எழுதிவிட வேண்டும். இதற்கு ஒரு நியாயம் எனக்குத் தெரிகிறது. விளையாட்டைப் பாதியில் நிறுத்திச் சேமித்து மறுநாள் தொடரும் வசதி மேமில் உண்டு. எதையெல்லாம் சேமிக்க வேண்டும் என்ற கணக்கு இயந்திரம் தொடங்கும்போதே முடிந்துவிட வேண்டும். நடுவில் முளைக்கும் நினைவகம் அந்தக் கணக்குக்குள் வராது.

இன்னொன்று பெயர் பற்றியது. 65,536 இடத்துக்குள் அடங்காத பெரிய நிரல்களை, ஒரே வேலிக்குள் தேவைக்கேற்ப மாற்றி மாற்றிக் காட்டுவது ஒரு பழைய உபாயம். அப்படி மாறும் துண்டை வங்கி என்பார்கள். முன்பு ஒரு வங்கியை அதன் பெயரை எழுத்தில் சொல்லியே பொருத்தலாம். யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு பெயர் உண்டல்லவா, 'புளியடி' என்றும் 'ஆலடி' என்றும்? ஊருக்குள் எத்தனை புளியடி! எழுத்தில் ஒன்று பிசகினால் நிரல் ஓடும்போதுதான் தெரியும், அதுவும் அந்த இயந்திரத்தை யாராவது ஓட்டிப் பார்த்தால். புதிய முறையில் பெயர் செல்லாது. வங்கி என்ற பொருளையே கையில் கொடுக்க வேண்டும். தவறு இருந்தால் நிரலைத் தொகுக்கும்போதே தொகுப்பி கையைப் பிடித்து நிறுத்திவிடும். இன்னொரு விடயத்தில் அவர் தாராளம் காட்டினார்: ஒரு துண்டை நேரத்துக்கு நேரம் மாற்றிப் பொருத்துவதற்காக மட்டும் வங்கி என்று ஒன்றை உருவாக்கத் தேவையில்லை, நேரடியாகவே பொருத்தலாம்.

இதெல்லாம் காகிதத்தில் அழகு. ஒரு டிரைவர்காரரின் பக்கத்திலிருந்து பாருங்கள். பத்து வருடத்துக்கு முன் எழுதி, சரியாக ஓடிக்கொண்டிருந்த கோப்பு. ஒரு மாதப் பதிப்பில் திடீரென்று திரை கறுப்பு. அவருடைய நிரலில் ஒரு எழுத்தும் மாறவில்லை. நடந்தது என்ன? எழுதும் வரி ஒரு கிணற்றில் ஊற்றுகிறது, வாசிக்கும் வரி இன்னொரு கிணற்றில் அள்ளுகிறது, அந்தக் கிணற்றில் யாரும் ஒன்றும் ஊற்றவில்லை. இரண்டு இடத்தில் பங்குப் பெயரை எழுதினால் தீர்ந்துவிடும். ஆனால் எங்கே எழுதுவது என்று கண்டுபிடிக்கப் பழைய சுற்றுப்படத்தைத் தேடிப் போக வேண்டும். இரண்டும் உண்மையில் ஒரே சில்லுதானா? பழைய முறை சேர்த்து வைத்ததால் ஒன்றுபோலத் தெரிந்ததா? சில இடங்களில் இந்தக் கேள்வியை யாரும் முன்பு கேட்டே இருக்க மாட்டார்கள்.

அதனால்தான் நான் கலிபேரின் பக்கம். மேமின் நோக்கம் விளையாட்டு ஓட வேண்டும் என்பது மட்டுமாயிருந்தால் பழைய உபகாரத்தை விட்டு வைத்திருக்கலாம். பலகை எப்படி இருந்தது என்பதைப் பதிவு செய்வதுதான் நோக்கம் என்றால், டிரைவர் கோப்பை வாசிக்கிற ஒருவருக்கு அதிலேயே எல்லாம் தெரிய வேண்டும். கோப்பில் எழுதாதது எமுலேட்டரின் வயிற்றுக்குள் நடந்தால் அது ஆவணம் ஆகாது.

மேம் ஒன்றுக்கு மட்டும் வந்த நோயும் இல்லை இது. ஃபாப்ரிஸ் பெல்லார் 2003இல் வெளிக்கொணர்ந்த கியூஎமு இன்று ஆண்ட்ராய்டு செயலி எழுதுகிறவர்களின் எமுலேட்டருக்கு அடித்தளம். அதிலும் 2011இல் அவி கிவிட்டி நினைவகப் பகுதியை அடியோடு மாற்றினார். அவர் போன வழி வேறு. நினைவகப் பகுதிகளை மரமாக அடுக்கி, ஒன்றின் மேல் ஒன்று விழலாம் என்று அனுமதித்து, விழுந்தால் எது மேலே என்பதற்கு ஒரு முன்னுரிமை எண்ணை எழுதச் சொன்னார். சர்வர்களைப் போலச்செய்யும் மென்பொருளுக்கு அது பொருத்தம், ஏனென்றால் அங்கே அட்டைகளை இயங்கு தளமே அங்குமிங்கும் நகர்த்தும். கலிபேர் பங்கை எழுதச் சொன்னார், கிவிட்டி முன்னுரிமையை எழுதச் சொன்னார். ஊகிப்பதை இருவரும் விட்டுவிட்டார்கள்.

காங்கேசன்துறையில், அளவையாளர் புறப்படுவதற்கு முன் வரைபடத்தில் கிணற்றுக்கு ஒரு சிறு வட்டம் போட்டார். எங்கள் மூலைக் கல்லிலிருந்து அந்த வட்டத்துக்கு ஒரு புள்ளிக்கோடு இழுத்து 'வழி' என்று எழுதினார். பக்கத்து வளவுக்காரர் கனடாவில். அவர்கள் இன்னும் வந்து பார்க்கவில்லை. பெரியம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கோடு போன திசையில் நெருஞ்சி முள்ளுக்குள் மெல்ல நடந்துபோய், கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"தண்ணி கிடக்கு," என்றார். "வாளிதான் இல்லை."